ஒருமுறை பார்ப்பவரும் பத்துமுறை பார்ப்பவரும்

கால்பந்தாட்டம் கண்டு திரும்புவோரின் பேச்சைச் சற்றே செவிமடுத்தால் ஓர் உண்மை புலப்படும். வென்ற அணியைச் சார்ந்தோர் தம் ஆட்டக்காரரின் திறமையைப் பேசுவர். தோற்ற அணியைச் சார்ந்தோர் நடுவரைப் பற்றிப் பேசுவர். அடிக்கப்பட்ட கோல்களை ஆறு மாதத்தில் மறந்துவிடும் நம் மக்கள், மறுக்கப்பட்ட கோல் ஒன்றை நாற்பது ஆண்டுகளானாலும் மறப்பதில்லை. தொலைக்காட்சிப் பெட்டி நம் இல்லங்களுக்குள் புகுந்த பின்னரோ, வீட்டிற்கு ஒரு நடுவர் என்ற நிலை மாறி, வீட்டிலுள்ள அத்தனை பேருமே நடுவர்கள் என்றாகிவிட்டது. பாட்டியும் பேரனும் ஒரே குரலில் "பெனால்டி!" என்று கூவும் காட்சியை நம்மில் எத்தனையோ குடும்பங்கள் கண்டிருக்கும்.

இக்கட்டுரையை எழுதும் நான் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில், எங்கள் ஊர் வழக்கில் சொல்வதானால் ஷூ கம்பெனியில், முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்பெனிக்கு வந்திறங்கும் தோலைத் தரம் பிரிப்பது என் வேலை. கால்பந்தாட்டம் பார்ப்பது, பிள்ளைப் பருவந்தொட்டு இன்றுவரை என்னை விடாத ஆசை. இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு. நடுவர்மீது நாம் கொள்ளும் கோபத்தில் எவ்வளவு நியாயம், எவ்வளவு அநியாயம் என்பதை என் தொழிலே எனக்குக் கற்றுத் தந்தது.

ஒரே பார்வையில் ஒரு தீர்ப்பு

பதனிடப்பட்ட தோலை மேசைமீது விரிப்போம். நேர்வெயிலில் பார்க்கமாட்டோம்; சீரான வெளிச்சம் வரும் சன்னல் ஓரமே தரம் பிரிப்பதற்கு ஏற்ற இடம். கையால் தடவி, ஓரத்தை மடித்து, இப்பக்கமும் அப்பக்கமும் சாய்த்துப் பார்ப்போம். உண்ணிக்கடி உண்டா? வேலி முள் கீறிய தழும்பு உண்டா? மாட்டுக்குச் சூடு வைத்த குறி உண்டா? தோலை உரித்தவர் கத்தி பாய்ந்திருக்கிறதா? இவற்றையெல்லாம் கண்டு முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று குறியிட வேண்டும். ஒரு தோலுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதுவே பெரிது. தரத்தைக் குறைத்துப் போட்டால் தோலைக் கொடுத்தவருக்கு நட்டம். கூட்டிப் போட்டால் கம்பெனிக்கு நட்டம். இரு தரப்பாரும் முகம் சுளிப்பதுண்டு.

ஆயினும் எனக்கு ஒரு பேறு வாய்த்திருந்தது. என் மேசைமீது கிடந்த தோல் ஓடவில்லை! ஐயம் தோன்றினால் மீண்டும் புரட்டிப் பார்க்கலாம். கால்பந்து நடுவருக்கு அந்த வசதி ஏது? ஏறத்தாழ 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட திடலில், இருபத்திரண்டு இளைஞர்களின் பின்னே, ஓர் ஆட்டத்தில் பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் அவர் ஓடுகிறார். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் அந்த நொடியிலேயே, முன்னால் நிற்பவரின் முதுகு மறைத்தாலும், தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

எல்லைக்கோட்டில் கொடி பிடித்து நிற்கும் துணை நடுவரின் பாடு இன்னும் கடினம். 'ஆஃப்சைடு' என்பதைத் தீர்மானிக்க, பந்தை உதைக்கும் கால் எப்போது பந்தைத் தொட்டது என்பதையும், அதே கணத்தில் நாற்பது மீட்டருக்கு அப்பால் முன்னணி ஆட்டக்காரர் எங்கே நின்றார் என்பதையும் அவர் ஒருங்கே அறிய வேண்டும். மனிதனுக்குக் கண்கள் இரண்டு என்றாலும் பார்வை ஒன்றுதானே! ஒரு கண்ணைக் கிழக்கிலும் மறுகண்ணை மேற்கிலும் வைக்க எவரால் இயலும்?

1986: ஒரு நள்ளிரவுப் பாடம்

மெக்சிகோ நாட்டில் 1986-ஆம் ஆண்டு நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டிகளைத் தூர்தர்ஷன் நேரடியாக ஒளிபரப்பியது. அந்நாளில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அதுவும் கறுப்பு வெள்ளை. ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதிய காலிறுதி ஆட்டம் நம் நேரப்படி இரவு 11.30 மணிக்குத் தொடங்கியது. மறுநாள் காலையில் சங்கு ஊதினால் வேலைக்குப் போக வேண்டும் என்ற நினைவையும் துறந்து, அவ்வீட்டு முற்றத்தில் நாற்பது பேர் பாய் விரித்து அமர்ந்திருந்தோம். படம் ஆடும்போதெல்லாம் கூரைமீது ஏறி ஆன்டெனாவைத் திருப்புவதற்கென்றே ஒரு சிறுவன் அமர்த்தப்பட்டிருந்தான்.

51-ஆவது நிமிடத்தில் பந்து உயரே எழுந்தது. இங்கிலாந்தின் கோல்காப்பாளர் பீட்டர் ஷில்டன் எழும்பினார். அவரைவிட மிகக் குள்ளரான மரடோனாவும் எழும்பினார். பந்து வலைக்குள் விழுந்தது. முற்றத்தில் ஒரே ஆரவாரம். மரடோனாவின் இடக்கை பந்தைத் தட்டியதை முதற்பார்வையில் எங்களில் ஒருவரும் காணவில்லை. இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு நடுவரைத் துரத்தியபோதுதான் ஏதோ நடந்திருக்கிறது என்று விளங்கியது. பின்னர் அக்காட்சியை மீண்டும் மீண்டும் காட்டினார்கள். "கை! கை!" என்று முற்றமே அலறியது. "குருட்டு நடுவர்" என்றும், "காசு வாங்கியிருப்பான்" என்றும் ஏச்சுகள் பறந்தன.

அப்போது, தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை செய்து கைகள் வெடித்துப்போன முதியவர் ஒருவர் அமைதியாகக் கேட்டார்: "ஏம்ப்பா, முதலில் பார்த்தபோது உங்களில் யாருக்காவது தெரிந்ததா? திரும்பக் காட்டினார்கள், தெரிந்தது. அந்த மனுஷனுக்கு அங்கே யார் திரும்பக் காட்டுவார்கள்?" முற்றத்தில் மறுமொழி இல்லை. எழுத்தறிவு இல்லாத அப்பெரியவர் கேட்ட அவ்வொரு கேள்வியைவிடச் சிறந்த விமரிசனத்தை இந்த நாற்பது ஆண்டுகளில் எந்தத் தொலைக்காட்சி நிபுணரிடமும் நான் கேட்டதில்லை.

அன்றைய நடுவர் துனிசியா நாட்டைச் சேர்ந்த அலி பின் நாசர். எல்லைக்கோட்டில் நின்றவர் பல்கேரியாவின் போக்தான் டோச்செவ். ஐயம் தோன்றியதால் துணை நடுவரை நோக்கியதாகவும், அவரிடமிருந்து மறுப்பு எதுவும் வராமையால் கோல் வழங்கியதாகவும் பின் நாசர் பின்னாளில் கூறினார். மற்றொரு செய்தியையும் நாம் மறந்துவிடலாகாது. நான்கே நிமிடம் கழித்து மரடோனா தம் பாதித் திடலிலிருந்து எதிரிகள் ஒவ்வொருவரையும் கடந்து சென்று அடித்த கோலை, 'நூற்றாண்டின் கோல்' என்று உலகம் போற்றுகிறது. அந்த ஓட்டத்தில் அவரைத் தடுக்க முயன்றவர்கள்பால் ஊதலை ஊதி ஆட்டத்தை நிறுத்தாமல், விளையாட விட்டவரும் இதே பின் நாசர்தாம்! ஊதியிருந்தால் அந்த அற்புதம் பாதியிலேயே மடிந்திருக்கும். ஊதாமல் இருப்பதும் நடுவரின் திறமையே. ஆனால் எந்தத் தொலைக்காட்சி அதை மீண்டும் மீண்டும் காட்டிற்று? தவற்றைப் பத்துமுறை காட்டுவோர், சரியான தீர்ப்பை ஒருமுறையேனும் காட்டுகிறார்களா?

2015-இல் மரடோனா துனிசியாவுக்குச் சென்று பின் நாசரைச் சந்தித்து, தம் கையொப்பமிட்ட அர்ஜென்டினச் சட்டையைப் பரிசளித்தார். அன்றைய பந்தைப் பின் நாசர் பத்திரமாக வைத்திருந்தார்; 2022-இல் அது இருபது இலட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று. அப்பந்தைப் பற்றித் தோல் ஊர்க்காரனாகிய நான் ஒன்று சொல்லாதிருக்க முடியாது. உலகக் கோப்பைப் பந்துகளில் முழுவதும் செயற்கைப் பொருளால் ஆன முதற்பந்து அதுவே. மழையில் நனைந்தால் நீர் குடித்துக் கனக்கும் தோல்பந்தின் காலம் அத்துடன் முடிந்தது. 'பந்திலிருந்து தோல் போயிற்று, இனிப் பூட்ஸிலிருந்தும் போய்விடுமோ' என்று எங்கள் கம்பெனியில் அந்நாளில் கவலையோடு பேசிக்கொண்டோம்.

கருவி வந்தது, கவலை தீர்ந்ததா?

2010-ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று தென்னாப்பிரிக்காவில் ஒரே நாளில் இரண்டு தவறுகள் நிகழ்ந்தன. ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து, குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே நன்றாகவே விழுந்து வெளியே வந்தது, கோல் வழங்கப்படவில்லை. அன்றிரவே மெக்சிகோவுக்கு எதிராக அர்ஜென்டினாவின் டெவெஸ் ஆஃப்சைடு நிலையில் நின்று அடித்த கோல் வழங்கப்பட்டது. அக்காட்சி திடலிலிருந்த பெரிய திரையிலேயே ஓடியது. ஆட்டக்காரர் பார்த்தனர், பல்லாயிரம் மக்கள் பார்த்தனர், ஆனால் திரையைப் பார்த்துத் தீர்ப்பை மாற்ற அன்றைய விதி நடுவருக்கு இடந்தரவில்லை. உலகமே கண்ட உண்மையைக் கண்டும், அதன்படி நடக்க உரிமையில்லாமல் ஒரு மனிதர் திடல் நடுவே நின்ற அக்காட்சி எத்துணைப் பரிதாபமானது!

அதன் பின்னரே விதிகள் மாறின. பந்து கோட்டைக் கடந்ததா என்று அறிவிக்கும் கருவிக்கு 2012-இல் இசைவு கிடைத்தது. 2014-இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பையில் அது பயன்பட்டது. 'வி.ஏ.ஆர்.' என்று நம் இளைஞர் கூறும் காணொளி உதவி நடுவர் முறை 2018-இல் ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் நடைமுறைக்கு வந்தது. அத்துடன் சச்சரவு ஒழிந்ததா? அவ்வாண்டு ஜூலை 15-ஆம் நாள் இறுதி ஆட்டத்திலேயே விடை கிடைத்தது. குரோவேஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டதைத் திடலோரத் திரையில் பார்த்து, நடுவர் பித்தானா பிரான்சுக்குப் பெனால்டி வழங்கினார். கையில் பட்டது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அது குற்றமாகுமா என்பதில்தான் உலகம் இன்றுவரை இரண்டுபட்டு நிற்கிறது. ஆக, எந்திரம் காட்டும், தீர்ப்பதோ மனிதன்தான்.

மேலும், மெதுவாக ஓட்டிக் காட்டும் காட்சி எப்போதும் உண்மையை மட்டுமே காட்டும் என்று எண்ணுவதற்கில்லை. கண் இமைக்கும் நேரத்தில் நிகழ்ந்த ஓர் உரசலை மெதுவாகக் காட்டினால், ஏதோ திட்டமிட்டு, நிதானமாக யோசித்து, வேண்டுமென்றே உதைத்ததுபோல் தோன்றும். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் கோட்டைக் கடந்ததாகத் தோன்றும் பந்து, கோட்டுக்கு நேராக நின்று பார்த்தால் கடவாதிருக்கும். தோலை ஒரே கோணத்தில் பார்த்துத் தரம் பிரிக்கலாகாது என்று எங்கள் தொழிலில் கூறும் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

திரையில் கண்டது திடலில் விளைந்தது

2023-ஆம் ஆண்டு மார்ச் 3 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில், இந்தியன் சூப்பர் லீக் வெளியேற்றச் சுற்று ஆட்டத்தில் பெங்களூரு அணியும் கேரள பிளாஸ்டர்ஸ் அணியும் மோதின. கூடுதல் நேரத்தின் 96-ஆவது நிமிடத்தில் கிடைத்த ஃபிரீகிக்கை, எதிரணியினர் அரண் அமைத்து நிற்பதற்கு முன்பாகவே சுனில் சேத்ரி விரைந்து உதைத்துக் கோல் அடித்தார். நடுவர் கோல் வழங்கினார். விரைந்து உதைப்பதற்கு விதியில் இடமுண்டு. நடுவர் ஊதலுக்குக் காத்திருக்கச் சொன்னாரா என்பதே வழக்கு. கேரள அணியினர் ஆட்டத்தைத் துறந்து திடலைவிட்டே வெளியேறினர். அவர்களது முறையீடு தள்ளுபடி ஆயிற்று. அணிக்கு நான்கு கோடி ரூபாய் தண்டமும் பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டன. தண்டத்தை நம் பிள்ளைகள் மறந்துவிட்டனர். வெளியேறிய காட்சியை மட்டும் நெஞ்சில் பதித்துக்கொண்டனர்.

அவ்வாண்டு செப்டம்பரில் எங்கள் பங்குத் திருவிழாவையொட்டி வழக்கம்போல் எட்டு அணிகள் ஆடும் போட்டி நடந்தது. புல் இல்லாத செம்மண் திடல்; சுண்ணாம்புத் தூளால் போட்ட கோடுகள். இடைவேளைக்குள் கோல்முகத்துக் கோடு பாதி அழிந்துவிடும். நடுவராக இருந்தவர் எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞரே. ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. ஓய்வு நாள்களில் விதிநூலைப் படித்து, நடுவர் தேர்வும் எழுதித் தேறியவர். ஒரு நாள் முழுதும் வெயிலில் ஓடியதற்கு அவருக்குக் கிடைப்பது முந்நூறு ரூபாயும் மதியச் சோறும்.

இறுதி ஆட்டத்தில் எங்கள் பங்கு அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் எங்கள் அணித்தலைவன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுக் கோட்டருகே விழுந்தது. எதிரணியினர் அதை வெளியே தள்ளினர். பந்து முழுவதும் கோட்டை முழுவதுமாகக் கடந்தால்தான் கோல் என்பது விதி. கடந்ததா, இல்லையா? அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்கே வெளிச்சம்! நடுவர் கோல் இல்லை என்றார். அடுத்த கணம் இருபது கைப்பேசிகள் அவர் முகத்துக்கு நேரே நீண்டன. மூலைக்கொடி அருகிலிருந்து ஒருவர் எடுத்த படத்தில் பந்து உள்ளே விழுந்ததுபோல் தோன்றிற்று. "சொந்த ஊர்க்காரனே கழுத்தை அறுத்துவிட்டான்!" என்று கூவினர். யாரோ சட்டையைப் பற்றி இழுத்தார்கள். எங்கள் பிள்ளைகள், தொலைக்காட்சியில் கண்டபடியே, திடலைவிட்டு வெளியேறினர்.

அத்துடன் முடிந்திருந்தால் விளையாட்டுச் சண்டை என்று விட்டுவிடலாம். முடியவில்லை. அந்த இளைஞரின் தாயார் வேறொரு கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்பவர். கம்பெனி வண்டியில் தினமும் அவரோடு அமர்ந்து செல்லும் எங்கள் தெருப் பெண்கள் பல நாள்கள் அவரோடு பேசவில்லை. அருகிலிருந்த இருக்கை காலியாகவே கிடந்ததாம். ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் அந்த இளைஞர் பங்குத் தந்தையின் இல்லத்துக்குச் சென்று, ஊதலையும் மஞ்சள், சிவப்பு அட்டைகளையும் செய்தித்தாளில் மடித்து மேசைமீது வைத்துவிட்டு வந்துவிட்டார். "என்னால் அம்மா அழ வேண்டாம், சாமி" என்பதுதான் அவர் சொன்னதெல்லாம்.

அன்பர்களே, சற்றே எண்ணிப் பாருங்கள். தம் பங்கு அணிக்குச் சார்பாகக் கோல் என்று கூறியிருந்தால் அவ்விளைஞரைத் தோளில் தூக்கியிருப்போம். கண்டதைக் கண்டபடி சொன்னதற்காக அவரை ஒதுக்கினோம். வள்ளுவப் பெருந்தகை நடுவு நிலைமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்து, அதில் துலாக்கோலை உவமை காட்டினார். பிள்ளைகள் பள்ளியில் அதை மனப்பாடம் செய்கிறார்கள்; திடலில் பெரியவர்களோ அத்துலாக்கோலை முறித்துப் போடுகிறோம்.

தோஹாவில் நிகழ்ந்த அநீதி

2024-ஆம் ஆண்டு ஜூன் 11. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா கத்தாரை அந்நாட்டுத் தலைநகர் தோஹாவில் எதிர்கொண்டது. வென்றால் அடுத்த சுற்று. அதற்கு ஐந்து நாள் முன்னர்தான் சுனில் சேத்ரி நாட்டுக்காக ஆடுவதிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். என் பேரனும் எங்கள் பங்கு அணித்தலைவனும் இன்னும் சில பிள்ளைகளும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு கைப்பேசியைச் சூழ்ந்து அமர்ந்திருந்தனர். 37-ஆவது நிமிடத்தில் சாங்டே கோல் அடித்தபோது தெருவே விழித்துக்கொண்டது.

73-ஆவது நிமிடத்தில் அது நிகழ்ந்தது. கத்தார் வீரர் தலையால் முட்டிய பந்தை நம் கோல்காப்பாளர் குர்பிரீத் தடுத்தார். பந்து கம்பத்துக்கு வெளியே கோட்டைக் கடந்து சென்றது. ஆட்டம் அங்கேயே நின்றிருக்க வேண்டும். கத்தார் வீரர் ஒருவர் அதைக் காலால் உள்ளே இழுத்துவிட, மற்றொருவர் வலைக்குள் தள்ளினார். தென் கொரியாவைச் சேர்ந்த நடுவர் கோல் வழங்கினார். அச்சுற்றில் காணொளி உதவி நடுவர் முறை இல்லை. 85-ஆவது நிமிடத்தில் மற்றொரு கோல். இந்தியா 1-2 என்று தோற்று வெளியேறியது.

என் நெஞ்சு கொதித்தது. அது ஐயத்துக்கிடமான தீர்ப்பு அன்று, வெளிப்படையான தவறு. பணம் மிகுந்த போட்டிகளில் பல கோணங்களில் படக்கருவிகள். ஒரு நாட்டின் பல்லாண்டு உழைப்பைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் ஒன்றுகூட நடுவருக்கு உதவவில்லை. நீதியும் காசுள்ள இடத்துக்குத்தான் போகுமோ என்று வருந்தினேன். கோபமே கூடாது என்று கூறுபவன் நான் அல்லன். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு முறைப்படி புகார் எழுப்பி விசாரணை கோரியது. அது சரியான வழி.

ஆனால் திண்ணையிலிருந்த பிள்ளைகளின் விரல்கள் வேறொன்றைத் தேடின. அந்நடுவரின் பெயரைக் கண்டுபிடித்து, அவரையும் அவர் நாட்டையும் ஏசி எழுதத் தொடங்கினர். நான் பேரனிடம், "கண்ணு, அந்த மனிதருக்கும் வீட்டில் ஓர் அம்மா இருப்பாரே" என்று மட்டும் சொன்னேன். அவன், "இல்லை தாத்தா, இது வேறு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். அதுவரை வாய் திறவாதிருந்த அணித்தலைவன் எழுந்தான். "மாமா, தோஹாவில் பந்து வெளியே போனது எல்லாப் படத்திலும் தெரிகிறது. நம் திடலில் எடுத்த படத்தைச் செப்டம்பரிலிருந்து ஐம்பது முறை பார்த்துவிட்டேன். இன்றுவரை எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. அண்ணனுக்கு ஒரு நொடியில் எப்படித் தெரியும்?" என்றான்.

மறு ஞாயிறு அவனே பங்குத் தந்தையை அழைத்துக்கொண்டு அவ்விளைஞரின் வீட்டுக்குச் சென்றான். மன்னிப்புக் கேட்கவும் மாலை போடவும் இடந்தராமல், அவர் மூன்று நிபந்தனைகள் மட்டும் கூறினாராம். நடுவரிடம் பேசும் உரிமை அணித்தலைவன் ஒருவனுக்கே. இடைவேளையில் கோல்முகத்துக் கோட்டைப் புதிதாகப் போட வேண்டும். இரு கோல்முகத்திலும் கோட்டுக்கு நேராகக் கொடியோடு ஒருவர் நிற்க வேண்டும். அதே மாதம் ஜெர்மனியில் தொடங்கிய ஐரோப்பியக் கோப்பையில் முதல் நிபந்தனையே விதியாக நடைமுறையில் இருந்ததைக் கண்டு எங்கள் பிள்ளைகள் வியந்தனர்.

அவ்வாண்டுத் திருவிழாவில் செய்தித்தாள் மடிப்பிலிருந்து ஊதல் மீண்டும் வெளிவந்தது. அரையிறுதியில் எங்கள் அணிக்கு எதிராக ஒரு பெனால்டி. கூட்டம் முணுமுணுத்தது, கைப்பேசிகள் உயர்ந்தன. அணித்தலைவன் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடுவரிடம் சென்றான், ஏதோ கேட்டான், தலையசைத்துத் திரும்பினான். நாங்கள் தோற்றோம். ஆட்டம் முடிந்தபின் நடுவரின் தாயார் தூக்குவாளியில் மோர் கொண்டுவந்து இரு அணியினருக்கும் ஊற்றிக் கொடுத்தார். எங்கள் தெருப் பெண்கள் இருவர் அவருக்குக் குவளை கழுவிக் கொடுத்தனர்.

அன்பான பெற்றோரே, நம் பிள்ளைகள் ஆட்டம் பார்க்கட்டும். நடுவர் தவறினால் "தவறு" என்று சொல்லட்டும். ஆனால் தவறு வேறு, வஞ்சகம் வேறு என்பதை அவர்களுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள். பத்துமுறை பார்த்துவிட்டுப் பேசும் நாம், ஒருமுறை மட்டுமே பார்த்தவரிடம் பத்து மடங்கு பொறுமை காட்ட வேண்டாமா? எங்கள் பங்கில் எல்லைக்கோட்டுக் கொடி பிடிக்கப் பயிற்சி பெற இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி வந்து நின்றால், "நமக்கு எதற்கு இந்த வம்பு?" என்று தடுத்துவிடாதீர்கள். தலையில் ஒரு தொப்பியும் கையில் ஒரு குடுவைத் தண்ணீரும் கொடுத்து அனுப்பிவையுங்கள்.